நூற்றுக் கற்ற வரலாறு

தமிழில் நூல் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பஞ்சிலிருந்து முறுக்கி எடுக்கப்படும் இழையும் நூல். அறிஞர் இயற்றும் ஏடும் நூல். பனுவல் என்னும் சொல்லும் அவ்வாறே இரு பொருளையும் தாங்கி நிற்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலில் இவ்விரு பொருள்களையும் இணைக்கும் உவமை ஒன்று வருகிறது. சொல்லைப் பஞ்சுக்கும், புலவனை நூற்கும் பெண்ணுக்கும், அவனது அறிவை நூற்கும் கதிருக்கும் ஆசிரியர் ஒப்பிடுகிறார். கல்லூரியில் பயின்ற நாளில் இவ்வுவமையை நான் மனப்பாடம் செய்தேன், தேர்விலும் எழுதினேன். ஆனால் கதிர் என்பது எப்படியிருக்கும், அது எப்பக்கம் சுழலும், பஞ்சு எவ்வாறு இழையாகிறது என்று ஒரு நாளும் கேட்டேனில்லை.

அந்த அறியாமைக்கு விலை கொடுக்கும் நாள் பின்னர் வந்தது. நான் மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கைத்தறி நெசவு பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பாவு நூலுக்குச் செய்யவேண்டிய வேலைகளுள் ஒன்றாக அதில் 'சைசிங்' என்று ஒரு சொல் இருந்தது. 'சைஸ்' என்றால் அளவுதானே என்று எண்ணி, 'நூலை அளவிடுதல்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிட்டேன். கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர் ஒருவர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். "ஐயா, இது அளவிடுவதன்று, பாவுக்குக் கஞ்சி போடுவது. தெருவிலே பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி தோய்ப்பார்களே, நீங்கள் பார்த்ததில்லையா?" என்று கேட்டார்.

பார்த்திருக்கிறேன். சிறு வயதில், விடியற்காலையில், தெருவின் நீளத்திற்கு விரித்த பாவின் இருபுறமும் ஆடவரும் பெண்டிரும் நின்று வேலை செய்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கண் கண்டிருந்தது, கருத்து அறியவில்லை. அந்த வரியைத் திருத்திவிட்டேன். ஆயினும், நூலைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் சொல்லளவிலேயே நின்றுவிட்டது என்னும் உறுத்தல் நீங்கவில்லை. ஆகவே, தில்லியில் பங்குனி மாதத்தில் மூன்று நாள் நடந்த செய்முறைப் பயிலரங்கு ஒன்றில் மாணவனாகச் சேர்ந்தேன். பருத்தி நூற்பின் வரலாற்றைக் கையால் நூற்றுக்கொண்டே கற்பது அதன் நோக்கம். அங்கே கற்றவற்றையும், அவற்றிலிருந்து நான் தெரிந்துகொண்ட ஓர் உண்மையையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

எங்களுக்கு ஆசிரியர் இருவர். ஒருவர் ஆடைகளின் வரலாற்றை ஆராய்ந்தவர். மற்றவர் ஆந்திரப் பிரதேசத்தில் சிரீகாகுளம் மாவட்டத்துப் பொந்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றிலிருந்து வந்த மூதாட்டி. மெல்லிய கதர்த் துணிக்குப் பெயர்பெற்ற பகுதி அது. அவ்வம்மையார் பள்ளி சென்றவரல்லர். தெலுங்கு ஒன்றே பேசுவார். தெலுங்கு எனக்கு ஓரளவு தெரியுமாதலால், பக்கத்திலிருந்தோருக்கு அவர் சொல்வதை எடுத்துச் சொல்லும் வேலையும் எனக்கு வாய்த்தது.

முதல் நாள் காலையில் அம்மையார் தம் பையிலிருந்து சிறு கூரிய பற்கள் நிறைந்த எலும்புத் துண்டு ஒன்றை எடுத்தார். அது மீனின் தாடை. பருத்தியைக் கொட்டையோடு இடக்கையில் பிடித்து, அத்தாடையால் மெல்லச் சீவினார். தூசும் இலைத்துணுக்கும் உதிர்ந்தன. குழம்பிக் கிடந்த இழைகள் தலைவாரியதுபோல் ஒரு திசையில் படிந்தன. அம்மீனைத் தெலுங்கில் வாலுக என்பர். நம் ஊர் ஆறு ஏரிகளில் வாழும் வாளை மீனே அது. வங்காளத்தில் அதற்குப் போவால் என்று பெயர். வரலாற்றாசிரியர் உடனே ஒரு செய்தியைச் சொன்னார். டாக்கா நகரின் பருத்தித் தொழிலைப் பற்றி 1851-ல் இலண்டனில் வெளியான நூல் ஒன்றில், அங்கே மஸ்லின் துணிக்கு நூற்ற பெண்கள் இதே மீனின் தாடையால் பருத்தியைச் சீவியது விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. டாக்காவிலே மறைந்துபோன ஒரு வழக்கம், பல நூறு கல் தொலைவிலுள்ள பொந்தூரில் ஒரு மூதாட்டியின் கையில் இன்னும் உயிரோடிருக்கிறது. இதை ஏட்டில் படித்திருந்தால் விந்தையான செய்தி என்று எண்ணி மறந்திருப்பேன். தாடையைக் கையில் வாங்கிச் சீவிப் பார்த்தபோதுதான் அதன் காரணம் விளங்கிற்று. இரும்புச் சீப்பு இழையை அறுக்கும். மரச்சீப்பின் பல் அவ்வளவு நெருக்கமாக அமையாது. மீன் பல்லோ நெருக்கமாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது. பல தலைமுறைப் பெண்கள் ஆராய்ந்து கண்ட முடிவு அது.

சீவிய பருத்தியைச் சிறு பலகையின்மேல் வைத்து, மெல்லிய இரும்புக் கோலை அதன்மேல் உருட்டினால் கொட்டை ஒரு பக்கம் நழுவிப் பஞ்சு மறுபக்கம் தங்குகிறது. அப்பஞ்சை வில்லின் நாணால் அடித்துப் பறக்கவிட்டு, திரியாகச் சுருட்டி, உலர்ந்த வாழைப் பட்டையினுள் பொதிந்து வைத்தார்கள். கையின் வியர்வையும் அழுக்கும் படாதிருக்க அவ்வேற்பாடு. அன்று மாலைக்குள் நாங்கள் இருபது பேர் சேர்ந்து ஆயத்தம் செய்த பஞ்சு இரண்டு கை நிறையும் அளவே இருந்தது.

இரண்டாம் நாள் கதிரின் முறை. ஒரு மெல்லிய மூங்கில் குச்சி; அதன் கீழ்ப்பகுதியில் களிமண்ணால் செய்த ஒரு வில்லை. உலகில் மனிதன் செய்த முதல் நூற்கும் கருவி இதுவே எனலாம். இத்தகைய மண் வில்லைகள் மொகஞ்சதாரோவில் ஏராளமாகக் கிடைத்தன. அருங்காட்சியகப் பேழையில் அவற்றைக் காண்பவர் பெரிய மணி என்றே எண்ணிக் கடந்து செல்வர். ஆனால் நாங்கள் கனமான வில்லை ஒன்றையும் இலேசான வில்லை ஒன்றையும் மாற்றி மாற்றிக் கோத்து நூற்றுப் பார்த்தோம். கனமான வில்லை மெல்லிய நூலைத் தன் எடையாலேயே அறுத்துவிட்டது. நுண்ணிய நூலுக்கு இலேசான வில்லையே பொருந்தும். ஆகவே, அகழ்வில் கிடைத்த வில்லையின் எடையைக் கொண்டே, அதை வைத்து நூற்றவள் எத்தகைய நூலை நாடினாள் என்று ஒருவாறு ஊகிக்கலாம். மொகஞ்சதாரோவில் வெள்ளிக் கலம் ஒன்றின்மேல் ஒட்டிக் கிடந்த பருத்தித் துணியை அறிஞர்கள் ஆராய்ந்து, அது மஞ்சிட்டியால் சாயமிடப்பட்டிருந்ததைக் கண்டனர். அதற்கும் மிக முற்பட்டது பலூச்சிஸ்தானத்து மெஹர்கர். அங்கே ஒரு புதைகுழியிலிருந்த செம்பு மணியின் துளையில் பருத்தி நூலின் எச்சம் கிடைத்தது. அது கி.மு. 6-ஆம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தது என்று 2002-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது. செம்பின் களிம்பு ஊறியதால் அந்நூல் மட்காமல் தப்பிற்று.

அன்று நண்பகலில் ஒரு சிறு நிகழ்ச்சி நேர்ந்தது. எங்களுள் ஒரு மாணவி இடக்கைப் பழக்கமுடையவள். அவள் நூற்ற கதிரை வாங்கி, அம்மையார் தம் வழக்கப்படி வலப்பக்கமாகச் சுழற்றினார். நூல் முறுக்கேறாமல் பிரிந்து அறுந்து விழுந்தது. அம்மையார் அறுந்த நுனியை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்துவிட்டு, "இது மாற்று முறுக்கு" என்றார். அம்மாணவி தன் கைவாகின்படி கதிரை இடப்பக்கமாகச் சுழற்றியிருந்தாள். வலப்பக்கமாகச் சுழலும் கதிரில் வரும் நூலை நிமிர்த்திப் பிடித்தால், அதன் புரிகள் வலப்புறம் நோக்கி மேலேறும். இடப்பக்கச் சுழற்சியில் இடப்புறம் நோக்கி மேலேறும்.

"இவ்வளவு சிறிய வேறுபாட்டால் என்ன பயன்?" என்று ஒருவர் கேட்டார். வரலாற்றாசிரியர் விடை சொன்னார். எகிப்து நாட்டின் செங்கடற்கரையில் பெரனிகே என்னும் துறைமுகம் இருந்தது. உரோமானியர் காலத்தில் இந்தியாவிலிருந்து மிளகும் துணியும் ஏற்றிச் சென்ற கலங்கள் அங்கே நங்கூரமிட்டன. அகழ்வாராய்ச்சியில் அங்கே பருத்தித் துணிக் கிழிசல்கள் கிடைத்தன. அவற்றுள் எவை எகிப்தில் நெய்தவை, எவை இந்தியாவிலிருந்து வந்தவை என்று எவ்வாறு அறிவது? முறுக்கைக் கொண்டே அறிந்தார்கள். எகிப்தில் நூற்றோர் வழக்கமாக இடப்புறம் ஏறும் முறுக்கும், இந்தியாவில் நூற்றோர் வலப்புறம் ஏறும் முறுக்கும் கொடுத்தனர். துணியில் எழுத்தில்லை, முத்திரையில்லை. பெயர் தெரியாத ஒரு பெண்ணின் விரல் எப்பக்கம் திரும்பியது என்பதே சான்றாக நின்று, கடல் வாணிகத்தின் வரலாற்றைச் சொல்கிறது. அதுவரை விளையாட்டாக நூற்றுக்கொண்டிருந்தவர்கள் அதன்பின் தம் நூலைத் தூக்கிப் பிடித்து முறுக்கைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பிற்பகலில் தில்லியின் வறண்ட காற்று வீசத் தொடங்கியது. எல்லோர் நூலும் மீண்டும் மீண்டும் அறுந்தது. என் பொறுமையும் அதனுடன் அறுந்தது. நான் பஞ்சை வெடுக்கென்று இழுப்பதைக் கண்ட அம்மையார், "இழுக்காதே பாபு, வர விடு. அதற்கு விருப்பமிருந்தால் வரும்" என்று சொல்லி, ஈரத் துணி ஒன்றை என் அருகில் தொங்கவிடச் செய்தார். சிறிது நேரத்தில் நூல் நின்றது. பருத்தி இழை ஈரம் பட்டால் வலுப்பெறும் இயல்புடையது. டாக்காவின் பெண்கள் வெயில் ஏறுமுன், பனி ஈரம் உலராத காலை நேரத்தில் மிக நுண்ணிய நூலை நூற்றனர் என்றும், காற்று வறண்டபோது நீர் நிரம்பிய தட்டின்மேல் வைத்து நூற்றனர் என்றும் அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. மேக்னா ஆற்றங்கரையில் விளைந்த தனிவகைப் பருத்தி, அவ்வூரின் ஈரக்காற்று, இளம் பெண்களின் கூரிய கண், மெல்லிய விரல் ஆகிய நான்கும் கூடியே அம்மஸ்லின் பிறந்தது. அதன் நுண்மையை வியந்து பாடியோர் பலர். அந்நுண்மை எவ்வாறு வந்தது என்பதை அறுந்த நூலே எனக்குக் கற்பித்தது.

மாலையில் ஒரு கணக்குப் போட்டோம். 5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் உள்ள ஒரு துணி. பாவிலும் ஊடையிலும் சென்டிமீட்டருக்கு 20 இழை என்று வைத்துக்கொள்வோம். பாவுக்கு 2,000 இழை வேண்டும். ஒவ்வொன்றும் 5 மீட்டர். ஆக 10,000 மீட்டர். ஊடைக்கும் அவ்வாறே 10,000 மீட்டர். ஒரு துணிக்கு 20 கிலோமீட்டர் நூல்! நான் அன்று ஒரு மணி நேரத்தில் நூற்றது, முடிச்சும் மொத்தையுமாக 16 மீட்டர். அக்கணக்கின்படி எனக்கு 1,250 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் உழைத்தாலும் 156 நாட்களுக்கு மேல். இராட்டையில் மணிக்கு 300 மீட்டர் நூற்கும் பழகிய கைக்கும் 66 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது நூற்க மட்டும். சீவுவதும், வில்லடிப்பதும், கஞ்சி போடுவதும், நெய்வதும் வேறு.

தறி ஒன்றுக்கு நெசவாளர் ஒருவர் போதும். அவருக்கு நூல் கொடுக்கப் பல பெண்கள் நூற்கவேண்டும். அந்தப் பெண்களைப் பற்றி நம் பழைய நூல்கள் பேசாமலில்லை. அர்த்தசாத்திரத்தில் நூல் அதிகாரி ஒருவருக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. கணவனை இழந்தோர், உடற்குறையுற்றோர், முதியோர் ஆகிய பெண்களைக் கொண்டு நூற்கச் செய்யவேண்டும். நூலின் நுண்மைக்கேற்பக் கூலி தரவேண்டும். விடியற்காலையில் நூலைக் கொண்டுவரும் பெண்ணிடம் நூலைச் சோதிக்க மட்டுமே விளக்கைப் பயன்படுத்த வேண்டும். அவள் முகத்தை நோக்கினாலும் வேறு பேச்சுப் பேசினாலும் அதிகாரிக்குத் தண்டம். கூலியைக் காலம் தாழ்த்திக் கொடுத்தால் அதற்கும் தண்டம். தமிழில் புறநானூறு பருத்தி நூற்கும் பெண்ணைக் குறிப்பிடுகிறது. நற்றிணை ஆதரவற்ற பெண்டிர் நூற்ற நுண்ணிய நூலைக் குறிப்பிடுகிறது. வடக்கிலும் தெற்கிலும் நூற்றல் என்பது துணையற்ற பெண்ணின் கடைசி ஆதாரமாக இருந்தது. ஒரு மணி நேரம் கதிரோடு போராடிய பிறகு, அந்தச் சட்டத்தில் கூலியைப் பற்றிய வரி எனக்குச் சட்டமாகத் தோன்றவில்லை. ஒருத்தியின் அன்றைய உணவாகத் தோன்றியது.

மூன்றாம் நாள் இராட்டையின் முன் அமர்ந்தோம். கதிர் மிகப் பழையது, சக்கரமோ பிற்காலத்தது. இந்தியாவில் இராட்டையைப் பற்றிய தெளிவான பழைய குறிப்பு 1350-ல் இசாமி என்பவர் தக்காணத்தில் பாரசீக மொழியில் எழுதிய நூலில் காணப்படுகிறது. சக்கரம் வந்தபின் நூற்பின் வேகம் பல மடங்கு பெருகிற்று. பின்னர் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கிராம்ப்டன் ஆகியோரின் நூற்பு இயந்திரங்கள் தோன்றின. ஆலை நூல் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் வீழ்ந்தவர் நெசவாளர் அல்லர்; நூற்றவர்தாம். நெசவாளர் மலிவான ஆலை நூலை வாங்கித் தம் தறியில் ஏற்றிக்கொள்ள முடிந்தது. நூற்றவளுக்கோ வேறு போக்கில்லை. அவள் இராட்டை பரணுக்கு ஏறியது.

இந்த வரலாற்றில் கை வேறு, ஏடு வேறு எனப் பிரிந்த ஒரு கட்டம் உண்டு. 1866-ல் போர்ப்ஸ் வாட்சன் என்பார் இலண்டனில் இந்தியத் துணிகளின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். 18 தொகுதிகள், அவற்றில் 700 துணி மாதிரிகள் வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. இவ்வாறு 20 படிகள் அமைத்து, 13 படிகளைப் பிரிட்டனிலுள்ள தொழில் நகரங்களுக்கும் பிற இடங்களுக்கும், 7 படிகளை இந்தியாவுக்கும் அளித்தனர். இந்திய மக்கள் எத்தகைய துணியை விரும்பி அணிகின்றனர் என்பதை அந்நாட்டு உற்பத்தியாளர் அறிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். அரிய தொகுப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் துணி இருக்கிறது, கை இல்லை.

கை எவ்வளவு விரைவில் மறையும் என்பதற்குக் காந்தியடிகளின் அனுபவமே சான்று. 1909-ல் அவர் எழுதிய இந்திய சுயராஜ்யத்தில் கைத்தறியையும் இராட்டையையும் இந்தியாவின் வறுமைக்கு மருந்தாகக் குறிப்பிட்டார். ஆனால் அக்காலத்தில் தாம் இவற்றைக் கண்டதாகவே நினைவில்லை என்று தம் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். ஆசிரமம் தொடங்கிய பின்னும் நூற்கக் கற்பிப்பார் கிடைக்கவில்லை. 1917-ல் புரோச் நகரில் கூடிய கல்வி மாநாட்டில் சந்தித்த கங்காபென் மஜும்தார் என்னும் அம்மையாரிடம் இக்குறையைச் சொன்னார். அவர் குஜராத்தில் பல இடங்களில் தேடி அலைந்து, முடிவில் பரோடா சமஸ்தானத்து விஜாபூரில் இராட்டைகளைக் கண்டார். வேண்டாத பொருளாகப் பரணில் போடப்பட்டிருந்தன. பஞ்சுத் திரி கொடுத்து நூலை வாங்கிக்கொள்வதானால் மீண்டும் நூற்க அங்கிருந்த பெண்கள் இசைந்தனர். கருவி பரணில் இருந்தாலும் பழக்கம் விரல்களில் இருந்தது. இன்னும் ஒரு தலைமுறை தாழ்த்திப் போயிருந்தால் மரச் சக்கரங்கள் மட்டுமே கிடைத்திருக்கும்.

அங்கிருந்து தொடங்கிய இயக்கம் நாடெங்கும் பரவிற்று. 1925-ல் அகில பாரத நூற்போர் சங்கம் நிறுவப்பட்டது. 1937-ல் வார்தாவில் கூடிய மாநாட்டை அடுத்து ஆதாரக் கல்வித் திட்டம் உருவாகி, பள்ளிக் குழந்தைகளின் கையில் தக்ளி வந்தது. நேயர்களுள் மூத்தோர் பலர் தக்ளியில் நூற்றிருப்பீர்கள். அம்பர் இராட்டையை அமைத்துத் தந்தவர் ஏகாம்பரநாதன் என்னும் தமிழரே. அவர் பெயரிலிருந்தே அது அம்பர் எனப் பெயர் பெற்றது. ஆனால் பள்ளித் தக்ளி ஏன் நிலைக்கவில்லை? பல பள்ளிகளில் அது ஒரு மணி நேரக் கட்டாய வேலையாகச் சுருங்கிவிட்டது என்பதை அக்காலத்தில் பயின்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தத் தக்ளி மொகஞ்சதாரோவின் வில்லைக்கு உறவு, இந்த முறுக்கு பெரனிகேயில் சான்று நின்றது என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. வாட்சனின் தொகுப்பில் கையற்ற வரலாறு. பள்ளித் தக்ளியில் வரலாறற்ற கை. இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்ததால் இரண்டும் மெலிந்தன. அவற்றை ஒரே பாயில் அமர்த்துவதுதான் செய்முறைப் பயிலரங்கின் பயன். மூன்று நாளில் நான் தெரிந்துகொண்ட உண்மையும் இதுவே.

மூன்று நாளில் நூற்பவர் உருவாகிவிட முடியுமா என்று கேட்கலாம். முடியாது. இதை மறைப்பதில் பயனில்லை. நகரத்தார் ஓய்வு நாளில் கதிரைச் சுழற்றிப் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவதால் ஒரு கைத்தொழில் பிழைத்துவிடாது. 2019-20-ஆம் ஆண்டு எடுத்த நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர் உள்ளனர். நூற்றுக்கு 72 பேர் பெண்கள். தறி இன்னும் வாழ்கிறது. ஆயினும், அத்தறிகளில் பெரும்பாலானவை ஆலை நூலையே நெய்கின்றன. கையால் நூற்கும் கூட்டம் மிகச் சிறியது. அதிலும் மீன் தாடையால் பருத்தியைச் சீவி நூற்போர் மிக மிகச் சிலர்.

இறுதி நாள் மாலை அம்மையாரிடம், "அம்மா, உங்கள் வீட்டில் அடுத்து யார் நூற்கிறார்கள்?" என்று கேட்டேன். அவர் இராட்டையை மடக்கிக்கொண்டே சொன்னார்: "ஒருவருமில்லை, பாபு. மகள் தையல் வேலைக்குப் போகிறாள். போகாதே என்று நான் எப்படிச் சொல்வேன்? நூற்றால் வரும் கூலி எனக்குத் தெரியாதா?" பிறகு சிறிது பொறுத்து, "ஊரில் என்னிடம் யாரும் கற்க வரவில்லை. இங்கே இருபது பேர் வந்தீர்கள். எழுதக்கூட வைத்துக்கொண்டீர்கள். நான் சொன்னதில் எழுதுவதற்கு இருக்கிறதென்று இப்போதுதான் தெரிகிறது" என்றார். அதை மற்றவர்களுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. உடனே சொல்ல இயலவில்லை. சற்று நேரம் சென்றே சொன்னேன்.

கை மறைந்தபின் தேடுவது எத்துணை அரிது என்பதை அண்டை நாடான வங்காளதேசம் கண்டிருக்கிறது. டாக்கா மஸ்லினை மீண்டும் உண்டாக்க அந்நாட்டு அரசாங்கம் முயன்றது. பழைய பருத்தி இனத்தைத் தேடிக் கண்டார்கள். செடியைக் கண்டபின்னும், அப்பஞ்சை நூற்கும் கை கிடைக்கவில்லை. பருமனான நூல் நூற்றுவந்த பெண்களுக்கே நெடுநாள் பயிற்சி தந்து, நுண்ணிய நூல் நூற்கச் செய்யவேண்டியிருந்தது. 2020-ல் டாக்கா மஸ்லினுக்கு அந்நாட்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் தொடர்ச்சி அறாமல் காப்பதற்கு அவ்வளவு உழைப்பு வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, இத்தகைய பயிலரங்குகளில் நூற்பவரையும் நெய்பவரையும் வேடிக்கை காட்ட வந்தவராக அல்லாமல் ஆசிரியராக அமர்த்தி, வரலாற்றாசிரியருக்குத் தரும் ஊதியத்தையே அவருக்கும் தரவேண்டும். அதையும் காலத்தில் தரவேண்டும். கூலி தாழ்த்திய அதிகாரிக்குத் தண்டம் விதித்த நாடு இது. இரண்டாவது, அவர் சொல்லும் சொற்களை அவர் மொழியிலேயே எழுதிவைக்க வேண்டும். பாவு, ஊடை, விழுது, அச்சு, கதிர், சிட்டம் என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் வழங்கும் தொழிற்சொற்கள் அகராதியில் ஏறாமலே அழிந்தால், பின்னால் வரும் மொழிபெயர்ப்பாளன் என்னைப்போல் கஞ்சியை அளவுகோலாக்கிவிடுவான். மூன்றாவது, 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையில், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளின் காலத்தில் மாணவர் 10 நாள் புத்தகப் பையின்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் போன்றோரிடம் சென்று பழக இடமளிக்கப்பட்டுள்ளது. அருகில் நூற்போரும் நெய்வோரும் உள்ள ஊர்களில் அப்பத்து நாளில் இரண்டு நாளேனும் அவர்களுக்கு ஒதுக்கலாம். அன்று காலையில் பஞ்சைச் சீவட்டும். பிற்பகலில் அதன் வரலாற்றைக் கேட்கட்டும்.

எல்லாப் பிள்ளைகளும் நூற்பவராக வேண்டுவதில்லை. ஆனால் ஒரு முழம் நூலேனும் தன் கையால் நூற்றவன், கடையில் கைத்தறித் துணிக்கு விலை கேட்கும்போது பேரம் பேசச் சற்றே தயங்குவான். அத்தயக்கமே ஒரு குடும்பத்தின் ஒரு வேளை உணவாகலாம். வாங்குவோரிடம் அந்த மதிப்பு வளர்ந்தால்தான், அம்மையாரின் மகளைப் போன்றோர் தாயின் தொழிலைத் தொடர்வதா என்று எண்ணிப் பார்க்கவேனும் இடமிருக்கும்.

பயிலரங்கிலிருந்து நான் கொண்டுவந்தது அந்தப் பதினாறு மீட்டர் நூல். மொத்தை மொத்தையாக இருக்கிறது. எந்தத் தறியிலும் ஏறாது. என் மேசையில் அகராதிகளின் பக்கத்தில் அதை ஒரு சிறு சிட்டமாகச் சுற்றி வைத்திருக்கிறேன். தொழில் சார்ந்த சொல் ஒன்று மொழிபெயர்ப்பில் எதிர்ப்படும்போது, அகராதியைத் திறக்குமுன் அத்தொழில் செய்வோர் எவரையேனும் கேட்க முடியுமா என்று இப்போது முதலில் பார்க்கிறேன்.